அறுபது மீட்டர் தள்ளி

கோல்கீப்பருக்கு வாய்ப்பதெல்லாம்
தன் ஆட்களின் முதுகுகள்.
ஒன்பது, வில்மர் எச்செகராய்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்.
கதவில் நுழையும்போதெல்லாம்
பழக்கத்தில் குனிகிற உயரம்.
பதினொன்று, லீபெர் பிந்தோஸ்,
விடியுமுன் வீடுவீடாக ரொட்டி போடுபவன்.

பைசாந்தூவில் எங்கள் மைதானம் நதியைப் பார்த்திருக்கும்.
அக்கரை வேறு நாடு.
காற்று அங்கிருந்து வரும், சுங்கம் கட்டாமல்.
வேலிக்கு வெளியே யாராவது இறைச்சி சுட்டால்
பெனால்டி பகுதிக்குள் எனக்குப் பசிக்கும்.

நான் உதைப்பேன்.
பந்து மேலே போய், யோசித்து, இறங்கும்.
வில்மர் எழும்புவான்.
அவன் நெற்றி பந்தைத் தொடுமுன்னே
லீபெர் ஓடிக்கொண்டிருப்பான்,
பந்து இல்லாத இடத்துக்கு.
பந்து இல்லாத இடத்துக்கு ஓடுகிறவன் கிறுக்கன்,
ஒரு நொடி கழித்துப்
பந்தும் அங்கே வந்துசேராவிட்டால்.

மூன்று சீசன்.
லீபெர் நாற்பத்தொரு கோல், வில்மர் ஒன்பது.
கோலுக்குக் கணக்கு எழுத ஆள் உண்டு.
'சரி, போ' என்பதுபோல்
தலையை ஒருமுறை அசைத்தவனுக்கு
எந்தப் பத்தியில் எழுதுவது?
ஒருவன் மற்றவன் பெயரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.
பிரித்தால் பொருள் தராத
இரட்டைச் சொல்போல இருந்தார்கள்,
சட்டச்சட, மளமள.

ஆகஸ்டில் ஒரு மழைநாள்.
மஞ்சள் அட்டைகள் சேர்ந்துபோய்
லீபெர் வெளியே உட்கார்ந்திருந்தான், தலையில் ரொட்டிக்கடை உறையோடு.
அன்றைக்கு வில்மர் மூன்று போட்டான்.
ஒன்று பெனால்டி.
ஒன்று அவன் முழங்காலில் தானாக வந்து பட்டது.
மூன்றாவது, சத்தியமாக, அழகான கோல்.
உள்ளூர் வானொலி அவன் பெயரை நான்கு தடவை சொன்னது.
மகள் அதைப் போனில் பிடித்துவைத்தாள்.
உடைமாற்றும் அறையில் எங்களுக்குப் போட்டுக் காட்டினான்,
லீபெருக்கு இரண்டு முறை.

அடுத்த சனிக்கிழமை நான் உதைத்தேன்.
வில்மர் எழும்பவில்லை.
நெஞ்சில் வாங்கினான்,
காலடியில் வைத்துக்கொண்டான், திரும்பினான்.
அங்கே லீபெர் ஏற்கெனவே ஓடிப்போய்
நின்றுகொண்டிருந்தான்,
குடிமாறிப்போன வீட்டின் வாசலில்
சூடான ரொட்டியோடு நிற்பவன்போல.

யாரைக் குறை சொல்ல?
இரண்டு பூஜ்யம் ஜெயித்தோம்.
பயிற்சியாளர் வில்மரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.
முப்பத்துநான்கு வயது, இரண்டு முழங்காலிலும் தையல்,
அவனுக்கும் ஒருமுறை
வலை குலுங்குவதைக் கிட்டத்திலிருந்து பார்க்கத் தோன்றாதா?
கோலே போடாத நான் இதைச் சொல்லலாம்.

லீபெர் ஓடினான். பிறகும் ஓடினான்.
செப்டம்பரில்
ஓடுமுன் பார்க்க ஆரம்பித்தான்.
அரை நொடிதான்.
சோம்பேறி டிபெண்டருக்கு
அது ஒரு மதியத் தூக்கத்துக்குச் சமம்.

பிறகுதான் அந்தச் சத்தம்.
'வில்மர்!'
'லீபெர், இங்கே!'
மரியாதையாக, தெளிவாக,
சந்தையில் கைப்பை தவறவிட்ட பெண்ணைக் கூப்பிடுவதுபோல.
காற்றுவழி கேட்டபோது
என் கையுறைக்குள் விரல்கள் குளிர்ந்தன.

பேருந்தில் மட்டும் ஒன்றும் மாறவில்லை.
ஒரே மாத்தேக் குடுவை.
லீபெர் வெந்நீர் ஊற்றி, ஜன்னலைப் பார்த்தபடி நீட்டுவான்.
வில்மரின் கை, அவனும் பார்க்காமல்தான்,
சரியான இடத்தில் வந்து வாங்கும்.
ஒரு சொட்டு சிந்தாது.
பின்வரிசையில் இருந்து
அந்த இரண்டு கைகளை நான் கோபத்தோடு பார்த்தேன்.

நவம்பர், கடைசி ஆட்டம்.
என் வாழ்வின் மிக நல்ல உதைகளில் ஒன்று,
கம்பத்துக் கொடியை உரசாத குறை.
இருவருக்கும் நடுவில் இறங்கியது.
'உனக்கு!' என்றான் ஒருவன்.
'உனக்கு!' என்றான் மற்றவன்.
பந்து புல்லில் ஒருமுறை குதித்து
எதிரணி கோல்கீப்பரிடம் நடந்து போனது.
அவன் குனிந்து எடுத்தான்,
யாரோ மறந்துவிட்டுப்போன பொருளை எடுப்பதுபோல.

அப்போது இருவரும் திரும்பினார்கள், ஒருசேர.
இத்தனை வருடத்தில் முதல்முறையாக
அந்த இரண்டு முகங்கள்
அறுபது மீட்டர் தள்ளி
என்னைப் பார்த்தன.

நான் குனிந்து
அவிழாத பூட்ஸ் கயிற்றை
அவிழ்த்துக் கட்டினேன்.